அதிபர் வெளியேறிய கதவு

கடலோர நாடொன்றில் ஓர் அதிபர் மாளிகை இருந்தது. கப்பலில் வந்த அந்நியத் துரை கட்டியது. அவன் போனபின் நாட்டு அதிபர்கள் ஒவ்வொருவராகக் குடியேறினார்கள். கடைசி அதிபர் போனதும், புதிய அரசு அதை மக்கள் பார்வைக்குத் திறந்துவிட்டது.

கூட்டம் கூட்டமாக வந்தார்கள். எல்லோரும் முதலில் போய் நின்றது அதிபரின் நாற்காலி முன்னால்தான். சிவப்பு வெல்வெட், சிங்கமுகக் கைப்பிடி. நாற்காலிக்குத் தலைகால் புரியவில்லை.

“இந்த மாளிகையின் சரித்திரமே நான்தான். என்னைப் பார்த்துவிட்டால் வீட்டுக்குப் போகலாம்” என்றது.

சமையற்கட்டில் ஒரு பின்கதவு இருந்தது. புகையேறிக் கறுத்த சின்னக் கதவு. அதை யாருக்கும் காட்டுவதில்லை. அடைத்துச் சுவர் எழுப்பிவிடும்படி மாளிகைக் காப்பாளர் வைத்திலிங்கம் உத்தரவு போட்டிருந்தார். மறுநாள் கொத்தனார்கள் வருவதாக இருந்தது.

அன்று சவரியம்மா வந்தாள். துறைமுகத்தில் மீன் விற்பவள். வழிகாட்டிப் பெண் நிலவழகி, “கடைசி அதிபர் இந்த நாற்காலியில் இருந்துதான் பதவி விலகினார்” என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

“விலகினாரா?” என்றாள் சவரியம்மா. “அரிசி கேட்டு வாசல்ல நின்னோம்மா. சுட்டாங்க. என் தம்பி அங்கேயே விழுந்தான். உள்ளே வந்து பாத்தா ஆளைக் காணோம். எந்த வழியாப் போனாரு? அதைக் காட்டு.”

நிலவழகி பக்கத்தில் நின்ற காப்பாளரைப் பார்த்தாள். அவர் ஜன்னலைப் பார்த்தார்.

“யார் இவள்? வெளியே அனுப்புங்கள்!” என்று நாற்காலி அதட்டியது.

அப்போது சமையற்கட்டிலிருந்து ஒரு குரல் கேட்டது. “இங்கே வா அக்கா. இந்த வழியாகத்தான்.”

“வாயை மூடு!” என்றது நாற்காலி. “ஐந்து அதிபர்கள் என்மேல் உட்கார்ந்தார்கள். உனக்கென்ன தெரியும்?”

“உட்கார்ந்த கதையை நீ சொல்லு. எழுந்து ஓடிய கதையை நான்தானே சொல்ல வேண்டும்?” என்றது கதவு.

சவரியம்மா விறுவிறுவென்று நடந்தாள். கூட்டமும் பின்னாலேயே போனது. அவள் கதவின்மேல் கைவைத்தாள்.

“நீதான் அவரைத் தப்பவிட்டியா?”

“தள்ளினார், திறந்தேன். கதவு வேறென்ன செய்யும்? வாசலில் வெடிச்சத்தம் கேட்டது. அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அதைப் பார்த்தது நான் ஒருத்திதான். நாளைக்கு என்னையும் அடைத்துவிடுவார்கள்.”

சவரியம்மா காப்பாளர் பக்கம் திரும்பினாள். “அடைக்கப் போறீங்களாய்யா?”

வைத்திலிங்கம் தயங்கினார். “அதிபரே புறவாசல் வழியாக ஓடினார் என்றால் நாட்டுக்கு அவமானம் இல்லையா அம்மா?”

“ஓடினவருக்குத்தான் அவமானம். நாட்டுக்கு என்ன வந்துச்சு? நாங்க வாசல்லயேதானே நின்னோம்!”

வைத்திலிங்கம் இடுப்பிலிருந்த சாவியை எடுத்துத் தாமே பூட்டைத் திறந்தார். கடற்காற்று உள்ளே பாய்ந்தது. கொத்தனார்களுக்கு வர வேண்டாம் என்று சொல்லியனுப்பினார்.

இப்போது மாளிகையைப் பார்க்க வருகிறவர்கள் அந்தச் சின்னக் கதவு வழியாகத்தான் நுழைகிறார்கள். அங்கிருந்துதான் நிலவழகி கதையைத் தொடங்குகிறாள். சவரியம்மாவின் தம்பி பெயரையும் சொல்கிறாள்.

நாற்காலி இருக்கும் அறை கடைசியில் வருகிறது. அதற்குள் எல்லோருக்கும் எல்லாம் தெரிந்துவிடுகிறது.