யாரைக் காட்டிலும்?

கருக்கங்குளத்துக்காரர்கள் முட்டாள்கள் என்று ஒரு கருத்து நெடுங்காலமாக உலவி வருகிறது. இது பிழை, உடனே திருத்தப்பட வேண்டியது. தனியாக இருக்கும்போது அவர்கள் எதுவுமே இல்லை. பக்கத்தில் வேறு ஊர்க்காரன் வந்து நின்றால்தான், தாங்கள் எப்படிப்பட்டவர்கள் என்று அவர்களுக்கே தெரியும்.

கொம்பையாவின் மகன் மாடக்கண்ணுவுக்கு மூன்று சம்பந்தம் தட்டிப்போயிருந்தது. நாலாவதாகத் தரகர் வந்து சொன்னார்: "பொண்ணுக்கு அப்பா பலவேசம் ஒரு மாதிரி. அமைதியான, தாராள மனசுள்ள ஊருக்குத்தான் கொடுப்பாராம். பார்த்து நடந்துக்கிடுங்க."

கொம்பையா ஊரைக் கூட்டினார்.

"நாம அமைதியான ஆளுகளா, வே?"

"யாரைக் காட்டிலும் அண்ணாச்சி?" என்று கேட்டார் இசக்கி. கூட்டம் அந்தக் கேள்வியின் ஆழத்தை மெச்சித் தலையாட்டியது.

"பக்கத்து ஊரு வாகைமேட்டானைக் காட்டிலும் அமைதிதான். அவன் தண்ணி குடிக்கும்போதும் பேசுவான்."

"தாராளம்?"

"ஆவரம்பொட்டலான் எச்சில் கையால காக்கா ஓட்ட மாட்டான். அவனுக்கு நாம வள்ளல்."

"அப்போ ரெண்டு ஊரையும் கூப்பிட்டுப் பக்கத்துல உட்கார வைப்போம்" என்றார் கொம்பையா. தன் புத்தியை நினைத்து அவருக்கே கண் கலங்கியது.

பலவேசம் வந்தார். வாகைமேட்டார் பேசினார்கள். கருக்கங்குளத்தார் உதட்டை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"மாப்பிள்ளை யாரு?" என்றார் பலவேசம்.

வாயைத் திறந்தால் அமைதி போய்விடும். கொம்பையா விட்டத்தைப் பார்த்தார். தூணுக்குப் பின்னால் பட்டு வேட்டியும் மாலையுமாக இருந்த மாடக்கண்ணு தரையைப் பார்த்தான்.

வாகைமேட்டுத் தங்கப்பழம்தான் பேசினான். மழை, உளுந்து விலை, பலவேசத்தின் முழங்கால் வலிக்கு மருந்து, எல்லாம் சொன்னான்.

"பையன் லட்சணமாப் பேசுதானே! மாப்பிள்ளை இவருதானா?"

"நான் வாகைமேடு மாமா. கல்யாணம் ஆகல. சும்மா சாப்பிட வந்தேன்."

பலவேசம் கொம்பையாவிடம் திரும்பினார். "ஐயா, தப்பா நினைக்காதீங்க. உங்க அமைதி ரொம்ப ஜாஸ்தி. இவருக்கே பொண்ணைக் கொடுக்கலாமா?"

அப்போது பின்வரிசையில் ஆவரம்பொட்டலான் ஒருவன் முணுமுணுத்தான்: "நாமளா இருந்தா விட்டுக்கொடுப்போமா?"

அது போதும். கொம்பையா எழுந்தார். மகன் கழுத்து மாலையைக் கழற்றித் தங்கப்பழத்துக்குப் போட்டார். பட்டு வேட்டியையும் அவிழ்க்கச் சொல்லிச் சைகை காட்டினார்.

"அப்பா, அப்போ எனக்கு?" என்றான் மாடக்கண்ணு, துண்டைச் சுற்றிக்கொண்டு.

"சத்தம் போடாதல," என்று காதோடு சொன்னார் கொம்பையா. "அவங்க இன்னும் போகல."

ஆவணியில் முகூர்த்தம் நடந்தது. பந்தியில் பாயசம் ஊற்றியவன் மாடக்கண்ணு. இலைக்கு இரண்டு கரண்டி, ஒரு வார்த்தை பேசாமல்.