பூட்டிக்கொண்ட செல்

"இந்த டார்ச் செல்லு செத்துப்போச்சும்மா. தூக்கிப் போட்டுரட்டுமா?" என்று கேட்டார் இஸ்ரவேல்.

"எதை வச்சுச் சொல்றீங்க?"

"மீட்டர்ல சைபர் காட்டுதே."

மெகர் தலை நிமிரவில்லை. அந்த எஸ்டேட் பஜாரில் டார்ச் லைட் ரிப்பேர் பார்ப்பவள் அவள் ஒருத்திதான். யானை இறங்கும் ஊர். இருட்டிவிட்டால் கையில் டார்ச் இல்லாமல் யாரும் வெளியே கால் வைப்பதில்லை.

குருவுக்கு வயது முப்பத்திரண்டு. சிஷ்யருக்கு அறுபது.

தேயிலை ஃபாக்டரியில் ஓய்வு கொடுத்து அனுப்பிய பிறகு, வாடகை அறையில் சுவரோடு பேசி அலுத்துப்போய், "ஒரு மூலையில உக்காந்து கத்துக்கிறேம்மா" என்று வந்து சேர்ந்தவர் இஸ்ரவேல். தொழில் ஆசையெல்லாம் சும்மா ஒரு சாக்கு. மனுஷக் குரல் காதில் விழ வேண்டும், அவ்வளவுதான்.

ஒரே மகள் ஜெயசீலி மலைக்குக் கீழே பொள்ளாச்சியில் இருக்கிறாள். சொல்லாமல் கல்யாணம் செய்துகொண்டவள். தாய் இறந்தபோது ஓடி வந்து, "அப்பா" என்று கையைப் பிடித்தாள். இவர் கையை உதறி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அதன் பிறகு அவள் போன் செய்யவில்லை. இரண்டு வருஷம் ஆகிறது.

"பொள்ளாச்சிக்கு எப்ப போறீங்க, அண்ணாச்சி?" என்று மெகர் வாரத்துக்கு ஒருதரம் கேட்பாள்.

"கோபம் பாதி போயிருச்சும்மா. மிச்சமும் போகட்டும். முழு மனசோட போய் நிக்கணும்" என்பார்.

வாரங்கள்தான் போயின.

மெகர் அவர் கையிலிருந்த செல்லை வாங்கினாள். அடிப்பக்கம் பிளேடால் உறையைக் கீறினாள். காசு அளவில், செல்லைக் காக்கும் ஒரு சின்ன போர்டு ஒட்டியிருந்தது. அதற்கு உள்பக்கமாக மீட்டர் ஒயரின் முனையை வைத்தாள்.

"இப்பப் பாருங்க."

"ரெண்டு புள்ளி எட்டு வோல்ட்!" இஸ்ரவேல் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். "உசுரு இருக்கே. அப்ப வெளிய ஏன் சைபர்?"

"யாரோ டார்ச்சை அணைக்காமப் போட்டுட்டாங்க. உள்ள இருந்ததை உறிஞ்சி எடுத்துட்டாங்க. இதுக்கு மேல குடுத்தா செத்துருவோம்னு அது பூட்டிக்கிச்சு."

"தானாத் திறக்காதா?"

"திறக்காது."

"எத்தனை நாள் ஆனாலும்?"

"எத்தனை நாள் ஆனாலும். வெளியிலேருந்து இன்னொரு செல்லு வந்து தொடணும்."

இஸ்ரவேல் அந்தச் செல்லை ஒருதரம் தடவிப் பார்த்தார். பிறகு சார்ஜரில் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்த செல்லை எடுத்தார்.

"அதை வைங்க" என்று மெகர் அதட்டினாள்.

"முழுசா ஏறினதும்மா. இருக்கிறதுலயே நல்லது."

"அதான் ஆகாது. முழுசா இருக்கிறது ஒரேயடியாப் பாயும். போன வாரம் ரெண்டு போர்டைக் கருக்கினீங்களே, எப்படி?"

"அது முன்னாடியே செத்த செல்லுன்னுல்ல நெனச்சேன்."

"நீங்கதான் கொன்னீங்க."

அவருக்குச் சுருக்கென்றது. பச்சை விளக்குச் செல்லைத் திரும்ப வைத்தார்.

மெகர் பக்கத்தில் கிடந்த பழைய டார்ச்சைத் திருகி, அதிலிருந்த செல்லை எடுத்தாள். மீட்டரில் மூணு புள்ளி ஆறு காட்டியது.

"பாதிதானேம்மா இருக்கு?"

மெகர் அதைப் பூட்டிக்கொண்ட செல்லின் பக்கத்தில் வைத்தாள். இரண்டு ஒயரால் செல்லோடு செல்லைச் சேர்த்தாள். கண் மூடித் திறக்கும் நேரம்தான். எடுத்துவிட்டாள். பொறி பறக்கவில்லை, சத்தமில்லை.

"வெளிய வச்சுப் பாருங்க."

இஸ்ரவேல் மீட்டர் முனையை வைத்தார். இரண்டு தடவை வழுக்கியது. மூன்றாம் தடவை சைபர் போய் எண் வந்து நின்றது.

அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடிக்குள் எல்லாம் கலங்கித் தெரிந்தது. துடைக்கக்கூடத் தோன்றவில்லை.

மெகர் அந்தச் செல்லை மெதுவாக ஏற்றும் சார்ஜரில் செருகிவிட்டு, அடுத்த டார்ச்சைக் கையில் எடுத்தாள்.

வெகுநேரம் கழித்து இஸ்ரவேல் எழுந்து, ஆணியில் தொங்கிய தன் சட்டையை எடுத்து மாட்டினார். வாசல்வரை போனார். திரும்பி நின்றார்.

"கோபம் இன்னும் பாதி கிடக்கேம்மா."

மெகர் திருகாணியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நாலு மணி பொள்ளாச்சி பஸ்ஸுல கூட்டம் இருக்காது, அண்ணாச்சி."