இடுப்புப் பட்டையில் ஏறாத மின்சாரம்

“அந்தம்மா நடக்கிறதே இல்ல மேடம். வீட்ல சும்மா உட்கார்ந்திருக்கிற உடம்புல இருந்து கரண்ட் எப்படி வரும்?”

அந்தம்மா கதவோரம் நாற்காலியில்தான் இருந்தாள். பெயர் ரெஜினா. காது நன்றாகவே கேட்கும்.

சொன்னவர் சபாரத்தினம். மோட்டார் கம்பெனியில் பெரிய பதவியை விட்டுவிட்டு, ஐம்பது வயதில் ஆராய்ச்சி மாணவராகச் சேர்ந்தவர். அவருக்கு வழிகாட்டும் பேராசிரியை தமயந்தி அவரைவிடப் பத்து வயது இளையவள்.

ரெஜினாவின் நெஞ்சுக்குள், இதயத் துடிப்பைச் சீராக வைக்கும் பேஸ்மேக்கர் ஓடுகிறது. பேட்டரி தீரும்போதெல்லாம் நெஞ்சைக் கீறித் திறக்க வேண்டும். இரண்டு முறை திறந்தாயிற்று. சபாரத்தினம் செய்திருக்கும் கருவி உடம்பின் அசைவையே மின்சாரமாக்கி பேஸ்மேக்கரை ஓட்டும். ஒரு தடவை உள்ளே வைத்துவிட்டால் பிறகு கத்தியே வேண்டாம். அவளுக்குச் சரிப்படுமா என்று பார்க்க, அதே கருவியைப் பட்டையில் கோத்து ஒரு வாரம் இடுப்பில் கட்டி அனுப்பினார்கள். போதுமான மின்சாரம் ஏறவில்லை. ஆகவே இவள் லாயக்கில்லை, பெயரை நீக்கிவிடலாம் என்கிறார் மனுஷர்.

சும்மாவாம். வீடு முழுக்கச் சமைத்துப் போட்டு, படுத்த படுக்கையாய்க் கிடக்கும் மாமியாரைப் புரட்டிப் புரட்டித் துடைத்துவிட்ட வாரம் அது. ரெஜினாவுக்கு வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. மென்று விழுங்கினாள். முடிவு அவர்கள் கையில் அல்லவா இருக்கிறது.

தமயந்தி வாதாடவில்லை. இதை யார் இடுப்பில் கட்டிச் சரிபார்த்தீர்கள் என்று மட்டும் கேட்டாள். விடுதிப் பையன்களை டிரெட்மில்லில் நடக்கவிட்டுத்தான், ஜம்மென்று ஏறியதே என்றார் அவர், கொஞ்சம் பெருமையாகவே.

தமயந்தி பட்டையை எடுத்து அவரிடமே நீட்டினாள். கட்டிக்கொள்ளச் சொன்னாள். ஆய்வுக்கூடத்துச் சின்னச் சமையலறையைக் காட்டி, எல்லோருக்கும் டீ போட்டு, பாத்திரம் கழுவி, தரையையும் துடைத்துவிட்டு வரச் சொன்னாள்.

சபாரத்தினம் சிரித்துக்கொண்டே போனார். அடுப்புக்கு இரண்டடி. திரும்பித் தொட்டிக்கு இரண்டடி. குனிதல், நிமிர்தல், நின்ற இடத்திலேயே தேய்த்தல். பால் பொங்கி வழிந்தது. அதையும் அவரே துடைத்தார். வெளியே வந்தபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது, மூச்சு வாங்கியது.

ஏறிய மின்சாரத்தைக் காட்டும் திரையைப் பார்த்தார். கோடு எழும்பாமல் அடியிலேயே கிடந்தது. பட்டையைத் தட்டினார். மறுபடி பார்த்தார்.

“மேடம், மெஷின்ல ஏதோ கோளாறு.”

“அவங்க இடுப்புல இருந்தப்போ ஆள்லதானே கோளாறு இருந்துச்சு?”

ரெஜினா எழுந்து அவர் முன்னால் போய் நின்றாள்.

“எம் பேரை எடுக்காதீங்க சார். மெஷினைத் திருத்துங்க.”

சபாரத்தினம் குனிந்து பட்டையின் கொக்கியைத் தேடிக்கொண்டிருந்தார்.