‘இன் விச்’சில் நின்ற நாக்கு

தென்காசிப் பக்கம் ஒரு பரோட்டாக் கடை மாடியில் ஜெபராணி என்றொரு குரு இருந்தார். தாடியும் கிடையாது, காவியும் கிடையாது. வருகிறவர்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பார், அவ்வளவுதான். அவருடைய சீடர்களில் உலகம்மாள் மட்டும் குருவைவிடப் பத்து வயது மூத்தவள். ஓர் ஊரின் பஞ்சாயத்துத் தலைவி.

தலைவி என்பதெல்லாம் வாசல் பலகையோடு சரி. ஆபீசில் தலைவர் நாற்காலியில் துணைத்தலைவர் உட்கார்ந்திருப்பார். தலைவிக்குக் கதவோரம் ஒரு ஸ்டூல். “பதவியைத்தானே உங்க ஆளுகளுக்கு ஒதுக்குனாங்க, நாற்காலியையுமா ஒதுக்குனாங்க?” என்று அவர் ஒருநாள் கேட்டபோது, சுற்றி நின்றவர்கள் வெட்கமில்லாமல் சிரித்தார்கள்.

அப்படியிருக்கையில் டெல்லியிலிருந்து அதிகாரிகள் ஊரைப் பார்க்க வருவதாகத் தகவல் வந்தது. தலைவி ஆங்கிலத்தில் நாலு வார்த்தை பேச வேண்டுமாம். துணைத்தலைவரே பேச்சை எழுதிக்கொடுத்து, மனப்பாடம் பண்ணிக்கொள் என்றார். ‘எல்லோரும் ஒற்றுமையாக வாழ்கிற ஊர் இது’ என்று அது ஆரம்பித்தது. மனுஷனுக்குத் தைரியம் ஜாஸ்தி.

அந்த முதல் வரியிலேயே உலகம்மாள் தடுக்கி விழுந்தாள். தமிழில் ‘வாழ்கிற ஊர்’ என்றால் வேலை முடிந்தது. ஆங்கிலத்தில் ஊருக்கும் வாழ்வதற்கும் நடுவில் ‘இன் விச்’ என்று ஒன்றைச் செருகியாக வேண்டும். அவள் ‘இன்’னை விழுங்குவாள், இல்லையென்றால் ‘விச்’சை விழுங்குவாள். ஒரு வாரமாக இதே பாடு. அவளுக்குத் தன்மேலேயே கோபம் வந்தது.

“மத்ததெல்லாம் வருது டீச்சர். அந்த எடத்துல மட்டும் நாக்கு ஏன் நிக்குது?”

துணைத்தலைவர் எழுதிக்கொடுத்த பேச்சைக் குரு அவள் கையிலிருந்து வாங்கி, நாலாகக் கிழித்துக் குப்பைக் கூடையில் போட்டார்.

“உங்க ஆபீஸ் நாற்காலியப் பத்தி ஒண்ணு சொல்லுங்கக்கா. உட்காருறதுக்கு ‘இன்’ வேண்டாம், ‘ஆன்’ போட்டுக்கிடுங்க.”

உலகம்மாள், ‘நான் உட்காரக் கூடாத நாற்காலி’ என்று ஆங்கிலத்தில் சொன்னாள். ‘ஆன் விச்’ தானாக வந்து தன் இடத்தில் நின்றது.

அதிகாரிகள் வந்தார்கள். உலகம்மாள் ஸ்டூலிலிருந்து எழுந்தாள், தலைவர் நாற்காலியில் இருந்த துணைத்தலைவரை நோக்கிக் கையை நீட்டினாள், அதே வாக்கியத்தைச் சபைக்குக் கேட்கும்படி ஆங்கிலத்தில் சொன்னாள். துணைத்தலைவருக்கு முகம் கறுத்துவிட்டது. டெல்லிக்காரர்கள் தலையாட்டினார்கள். அவர்களில் ஒருவர் அவளுடைய ஆங்கிலம் நன்றாக இருக்கிறது என்று பாராட்டக்கூடச் செய்தார். எல்லோரும் டீ குடித்துவிட்டுக் காரில் ஏறிப் போனார்கள்.

“பேசியாச்சுல்லா? போய் ஸ்டூல்ல இரு” என்றார் துணைத்தலைவர்.

அன்று சாயங்காலம் உலகம்மாள் மாடிப்படி ஏறி வந்தாள்.

“ஒரு எழுத்துப் பிசகாம சொன்னேன் டீச்சர். அவரு எந்திரிக்கவே இல்ல. அந்த வாக்கியத்துல அப்படி என்னதான் தப்பு?”

“வாக்கியத்துல தப்பே இல்லக்கா” என்றார் குரு. “நாளைக்குப் போய் அதப் பொய்யாக்கிட்டு வாங்க.”