ஒன்பது வீட்டுத் துணி

தோப்புத் தெரு என்று பெயர்தான்; தோப்பைக் கண்ணால் பார்த்தவர் யாரும் இப்போது உயிரோடு இல்லை. அந்தத் தெருவில் இருபத்திரண்டு வருஷமாக இஸ்திரி வண்டி போட்டிருந்தவர் துலுக்காணம். தெருவில் எவன் கல்யாணத்துக்குப் போனாலும், வேலை கேட்டுப் போனாலும், துலுக்காணத்தின் பெட்டிச் சூடு பட்ட சட்டையில்தான் போவான். அப்படி ஒரு கை அவருக்கு.

பக்கத்தில் ரயில் நிலையம் வந்தது. அவ்வளவுதான், தெருவுக்கே கொம்பு முளைத்துவிட்டது. துலுக்காணம் குடியிருந்த ஒற்றை அறைக்கு வாடகையை இரண்டு பங்காக்கினார் வீட்டுக்காரர் நமச்சிவாயம். கொடுக்க முடியாவிட்டால் காலி பண்ணு என்றும் சொல்லிவிட்டார்.

தெருக்கோடியில் ஒரு சின்ன மடம். அதை நடத்தும் அரசியம்மா, துலுக்காணத்தைவிடப் பதினைந்து வயது இளையவர். இருந்தால் என்ன, அவருக்கு அரசியம்மாதான் குரு. பத்து வருஷமாக வெள்ளிக்கிழமை தவறாமல் வந்து உட்கார்ந்து கேட்கிறார்.

அன்று மத்தியானம் ஒன்பது மூட்டைகளோடு வந்து நின்றார்.

"என்ன அண்ணே, மடத்துக்கு இவ்வளவு துணியா?"

"ஒம்பது வீட்டுத் துணிம்மா. தேய்ச்சாச்சு. நீங்க யார்கிட்டயாவது கொடுத்து அனுப்பிடுங்க. நாளைக்கு விடியறதுக்குள்ள நாங்க கிளம்பறோம். ஏரிக்கு அந்தாண்ட ஒரு ரூம் கிடைச்சிருக்கு."

"விடியறதுக்குள்ள என்ன அவசரம்?"

துலுக்காணம் தரையைப் பார்த்தார்.

"வெளிச்சத்துல சாமானை ஏத்தினா தெருவே பார்க்கும். வாடகை கொடுக்க வக்கில்லாம போறான் பாருன்னு சொல்லும். மானத்தோட போக வேற வழி இருந்தா சொல்லுங்கம்மா."

அரசியம்மா மேலே இருந்த மூட்டையை எடுத்தார். "இதுல ஒண்ணாவது கசங்கியிருக்கா?"

"என்னம்மா இப்படிக் கேக்கறீங்க? என் கையில போய்க் கசங்குமா?"

"அப்ப நீங்களே கொண்டுபோய்க் கொடுங்க. ஒம்பது வாசல்லயும். ஏன் போறீங்கன்னு கேட்டா உள்ளதைச் சொல்லுங்க. கூட்டவும் வேணாம், குறைக்கவும் வேணாம்."

குருவாவது மண்ணாவது என்று ஒரு நொடி தோன்றியது துலுக்காணத்துக்கு. கோபமும் வந்தது. ஆனாலும் மூட்டைகளை வண்டியில் ஏற்றினார்.

முதல் வாசல் வக்கீல் வீடு. வக்கீலின் மனைவி, "என்னங்க, ஊருக்கா?" என்றார்.

"காலி பண்றேம்மா. வாடகையை ரெண்டு பங்கா கேக்கறாங்க. என்னால ஆகாது."

தரையைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னார். அந்த அம்மா மூட்டையை வாங்கிக்கொண்டு உள்ளே போகாமல் அப்படியே நின்றார். "எங்களுக்கும் சொல்லிட்டாங்க. யார்கிட்டயும் சொல்லாம வச்சிருக்கோம்" என்றார்.

நாலாவது வாசலில் வாத்தியார் புது விலாசத்தை எழுதி வாங்கிக்கொண்டார். துணியைத் தானே எடுத்துக்கொண்டு வருவதாகச் சொன்னார். ஆறாவது வாசலில், கேட்பதற்கு முன்பே துலுக்காணம் சொல்லிவிட்டார். இந்த முறை தரையைப் பார்க்கவில்லை.

ஒன்பதாவது, நமச்சிவாயம் வீடு. மகள் நிச்சயதார்த்தத்துக்கான பட்டு வேட்டியும் சட்டையும். மற்றவர் துணியை எப்படித் தேய்த்தாரோ, அதைவிட ஒரு பிடி கூடுதலாகவே தேய்த்திருந்தார். வீராப்புதான், வேறென்ன.

நமச்சிவாயம் வாங்கிக்கொண்டார். மடிப்பைப் பார்த்தார், வாசற்படியைப் பார்த்தார், வண்டிச் சக்கரத்தைப் பார்த்தார்.

"வேணும்னா இன்னும் ஒரு மாசம் இருந்துட்டுப் போங்களேன்."

"நாளைக்குக் காலையில பத்து மணிக்கு லாரி வருது சார்," என்றார் துலுக்காணம்.

வண்டியைத் தள்ளிக்கொண்டு நேரே மடத்துக்கு வந்தார். அரசியம்மா கஞ்சிப் பானையைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"ஒண்ணு மட்டும் புரியலம்மா. வீட்டை விட்டுப் போறது நான். அந்த மனுஷன் எதுக்குத் தலையைக் குனிஞ்சுக்கிட்டார்? என் முகத்தை ஏறெடுத்தும் பார்க்கலையே."

அரசியம்மா பானையைக் கவிழ்த்து வைத்தார்.

"அது அவர் மூட்டை, அண்ணே. விடியறதுக்குள்ள போயிருந்தீங்கன்னா, அதையும் சேர்த்து நீங்க ஏத்திக்கிட்டுப் போயிருப்பீங்க."