யாரும் பார்க்காத நாக்கு

முன்னொரு காலத்தில் நீலாற்று நாட்டைத் தும்பைவர்மன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். காலையில் கொடுத்ததை மாலையில் பிடுங்குகிற ராஜா. ஒருநாள், தேன் விற்க மலையிலிருந்து இறங்கிவந்த மருதி என்ற பெண் சந்தைச் சண்டை ஒன்றை நாலே வார்த்தையில் தீர்த்துவைத்தாள் என்று கேள்விப்பட்டான். "இனி இவள்தான் என் மந்திரி" என்று அந்த நிமிஷமே சொல்லிவிட்டான். அந்த வேலையை மைத்துனனுக்கு வாங்கித் தர அலைந்துகொண்டிருந்த அரண்மனை அதிகாரி இடும்பராயருக்கு வயிறு எரிந்தது. எரியாதா பின்னே?

மருதி மனசில் பட்டதைச் சொல்லிவிடுகிறவள். "இந்த வருசம் மழை பொய்க்கும், ஏரியைத் தூர்வாருங்க" என்றாள். பொய்த்தது. "பட்டத்து யானை தீனியே தொடலை, பொங்கலைத் தாண்டாது" என்றாள். தாண்டவில்லை. கண்ணைத் திறந்து பார்த்தவர் யாரும் சொல்லக்கூடிய விஷயங்கள்தான்.

இடும்பராயர் ராஜாவின் காதருகே குனிந்தார். "மகாராஜா, மலையாருக்கெல்லாம் கருநாக்கு. சொன்னது பலித்துவிடும். யானை தானாகவா செத்தது? அவள் சொல்லிச் செத்தது."

"மலையார் எல்லாருக்குமா?"

"பிறவியிலேயே, மகாராஜா. ஊரறிந்த விஷயம்."

ஊருக்கு அதை யார் சொன்னது என்று ராஜா கேட்கவில்லை. அன்றிலிருந்து மருதி நடந்த பக்கமெல்லாம் பேச்சு நின்றது. தாய்மார்கள் பிள்ளைகளின் முகத்தை முந்தானையால் மூடினார்கள். 'உப்புக் குறைவு' என்று அவள் சொல்லி வைத்தால் தன் கதி என்ன ஆகும் என்று சமையற்காரன் அவளுக்குச் சோறு போடுவதையே நிறுத்திவிட்டான். அவ்வளவு பெரிய அரண்மனையில் அவளுடைய காலடிச் சத்தம் மட்டுமே அவளுக்குக் கேட்டது. அது வேறு யாரோ பின்னால் வருவதுபோல இருந்தது.

பிறகு சபை கூடியது. "வரும் அமாவாசையன்று இவள் நாக்கை அறுப்பது. அதன் பிறகு சந்தைக்கு இறங்கிவரும் மலையார் ஒவ்வொருவருக்கும் அதே தண்டனை" என்றான் ராஜா. சந்தைக்கு வருகிறவர்களில் மருதியின் தங்கையும் ஒருத்தி.

"கடைசியாக ஏதாவது சொல்ல..." என்று ராஜா பழக்கதோஷத்தில் ஆரம்பித்தான்.

"கேட்காதீர்கள் மகாராஜா, சொல்லிவிடுவாள்!" என்று இடும்பராயர் அலறினார்.

ராஜா காதைப் பொத்திக்கொண்டான். சபையே பொத்திக்கொண்டது. நாக்கறுக்க நின்ற சேவகன் கத்தியைக் கீழே போட்டுவிட்டுப் பொத்திக்கொண்டான். அந்தப் பயங்கர அமைதியில் மருதி இடும்பராயரைப் பார்த்து என்னவோ சொன்னாள். உதடு அசைந்ததை எல்லாரும் பார்த்தார்கள். ஒருவர் காதிலும் எதுவும் விழவில்லை.

அவளைக் கற்சிறை ஒன்றில் அடைத்தார்கள். காவல்காரன் ஒரு நீளக் கழியால் அவலை உள்ளே தள்ளிவிட்டு ஓடினான். இருட்டில் தனியாக இருக்க இருக்க மருதிக்கே சந்தேகம் வந்தது. 'நெசமாவே நான் சொல்லித்தான் அந்த யானை செத்துதோ?' நாக்கு வாய்க்குள் வேறு யாருடையதோ போலக் கிடந்தது. அவள் அழுதாள்.

அமாவாசைக்கு முதல் நாள், பொழுது சாயும் நேரம். கம்பிக்கு வெளியே இடும்பராயர் வந்து நின்றார். முகத்தில் ஈயாடவில்லை.

"அன்றைக்கு என்னைப் பார்த்து என்ன சொன்னாய்? காற்றே இல்லை, என் வீட்டு விளக்கு அணைகிறது. எதை நினைத்தாலும் பல்லி சொல்கிறது. கண்ணாடியில் பார்த்தால், நான் பேசாதபோதே என் வாய் அசைகிறது. அம்மா தாயே, சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்!"

மருதி அவரையே பார்த்தாள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். இந்த மனுஷனோ பேயையும் தானே செய்து, தானே அரண்டு நிற்கிறார். அவளுக்குப் பயம் போய்க் கோபம் வந்தது. கோபத்தோடு புத்தியும் வந்தது.

"ராயரே, எனக்குக் கருநாக்கு உண்டுன்னா சொன்னது சொன்னதுதான். என்னாலயும் திருப்ப முடியாது. இல்லைன்னா, நீங்க பயப்பட ஒண்ணுமே இல்லை. உண்டா இல்லையான்னு நாளைக்குச் சபையில நீங்களே சொல்லிடுங்க."

மறுநாள் சேவகன் கத்தியை எடுக்கும் முன்பே இடும்பராயர் சபை நடுவில் விழுந்தார். "கருநாக்கு என்று ஒன்றும் இல்லை மகாராஜா! மலையாருக்கும் இல்லை, யாருக்கும் இல்லை! நான் கட்டிய கதை!" என்று கத்திவிட்டு, நிம்மதியாக மூச்சுவிட்டார்.

ராஜா துள்ளி எழுந்தான். "அப்படியானால் இவன் நாக்கை அறு!"

"வேணாம் ராசா," என்றாள் மருதி. "பொய் சொன்ன நாக்கையெல்லாம் அறுத்தா, நாளைக்கு உங்களை 'வாழ்க'ன்னு சொல்ல இந்தச் சபையில யாரு மிச்சமிருப்பா?"

ராஜா விழுந்து விழுந்து சிரித்தான். மலையாரின் தேன்குடங்களை இனி இடும்பராயர் தலையில் சுமந்து சந்தையில் இறக்கவேண்டும் என்று தீர்ப்பு மாறியது. மருதிக்கு மந்திரி பதவி திரும்பக் கிடைத்தது.

"அதுசரி, அன்றைக்கு என்னதான் சொன்னாய்?"

"பசிக்குதுன்னு சொன்னேன், ராசா. ரெண்டு நாளா யாரும் எனக்குச் சோறு போடலை."

சபையில் ஒருவரும் சிரிக்கவில்லை. உடனே இலை போட்டார்கள். சமையற்காரன் எட்ட நின்றே கரண்டியை நீட்டிப் பரிமாறினான். அவன்மேல் இரக்கப்பட்டு, "சோறு நல்லாருக்குப்பா, நீயும் நல்லாருப்பே" என்றாள் மருதி. அவ்வளவுதான், அவன் வாயெல்லாம் பல்லாக வெளியே ஓடினான்.

மறுநாள் காலையில் அவள் கதவைத் திறந்தால், வாசலிலிருந்து கோட்டைக் கதவுவரை வரிசை நிற்கிறது. எல்லாரும் அவளிடம் ஒரு நல்ல வாக்குக் கேட்க வந்தவர்கள். வரிசையில் முதல் ஆள் ராஜா.

"எனக்கு ஒன்றே ஒன்று, மருதி. யாருக்கும் சொல்லமாட்டேன்."

மருதிக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. அவனையே பார்த்தபடி நிதானமாகச் சொன்னாள். "மலையார் தேனுக்கு இந்த ஊர்ல இனிமே சுங்கம் இருக்காது."

மதியத்துக்குள் ராஜாவே சுங்கத்தை நீக்கிப் பறையறைவித்தான். "பார்த்தாயா, அவள் சொன்னது பலித்துவிட்டது!" என்று ஊர் கிசுகிசுத்தது.

மருதி கதவைச் சாத்தித் தாழ்போட்டாள். ராஜா முதல் காவல்காரன்வரை இத்தனை பேர் அவள் நாக்கைப் பற்றிப் பேசினார்கள். நீட்டு பார்க்கலாம் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. அவள் தண்ணீர்க் குடத்தின்மேல் குனிந்து, மெல்ல நாக்கை நீட்டிப் பார்த்தாள்.

சிவப்பாகத்தான் இருந்தது. ஆனாலும் அவள் இன்னொரு தடவை பார்த்துக்கொண்டாள்.