தம்பியும் இரண்டு குருவிகளும்

வெகு காலத்துக்கு முன்னால் வெள்ளாற்றங்கரை நாட்டைக் கோதைவர்மன் என்ற அரசன் ஆண்டுவந்தான். நினைத்தால் ஊருக்கே விருந்து வைப்பான். மறுநாள் யாரையும் பார்க்கமாட்டேன் என்று கதவைச் சாத்திக்கொள்வான். உறவென்று அவனுக்கு யாருமில்லை. இருந்த ஒரே தம்பியையும் சிறுவயதில் வெள்ளம் கொண்டுபோனது. உடல்கூடக் கிடைக்கவில்லை.

மந்திரி திருவேகம்பர்மேல் காடவராயர் என்ற பிரபுவுக்குத் தீராத பொறாமை. அவர் ஒருநாள் ஓர் இளைஞனைச் சபைக்கு அழைத்துவந்தார். அரசனின் அதே மூக்கு, அதே நடை.

"அரசே, வெள்ளத்தில் பிழைத்த உங்கள் தம்பி இவர்தான். பாதி நாடு இவருக்குரியது."

அரசன் ஓடிப்போய் அவனைக் கட்டிக்கொண்டு அழுதான். மந்திரி மட்டும் தயங்கி நின்றார்.

"முகமே சொல்கிறதே, இன்னும் என்ன சந்தேகம்?" என்று அரசன் சீறினான். "பொய்யென்றால் நாளைக்குள் காட்டும். இல்லாவிட்டால் உம் பதவி காடவராயருக்கு."

மறுநாள் மந்திரி ஒரு கூடையில் இரண்டு குருவிகளையும், கையில் ஒரு மரக்கொம்பையும் கொண்டுவந்தார். இரண்டுக்கும் அரிவாள்போல வளைந்த சிறகு.

"ஒன்று தகைவிலான், மற்றது உழவாரன். வானத்தில் ஒரே மாதிரி பறந்து பூச்சி பிடிக்கும். பிரபுவே, இரண்டும் ஒரே இனமா?"

"பார்த்தாலே தெரிகிறதே. அண்ணன் தம்பிதான்."

"அப்படியானால் இரண்டையும் இந்தக் கொம்பில் உட்காரவையுங்கள்."

தகைவிலான் உட்கார்ந்துகொண்டது. உழவாரன் நழுவி விழுந்தது. காடவராயர் மறுபடி வைத்தார்; மறுபடி விழுந்தது. சபை சிரித்தது.

"பறப்பது ஒன்றுபோல இருக்கலாம் அரசே. பிறப்பு வேறு," என்றார் மந்திரி.

தரையில் துடித்த குருவியை அந்த இளைஞன் குனிந்து எடுத்தான். "விட்டுவிடுங்கள் ஐயா. இதன் காலுக்குச் சுவரைப் பற்றத்தான் தெரியும். கொம்பில் உட்கார வராது." சன்னலோரம் போய் அதைப் பறக்கவிட்டான். பிறகு அரசன் காலில் விழுந்தான்.

"நான் கூத்தாடி. உங்கள் நடையை எனக்குப் பழக்கியவர் இந்தப் பிரபு. நேற்று நீங்கள் அழுததிலிருந்து எனக்குத் தூக்கமில்லை."

காடவராயர் தலைகுனிந்து சபையைவிட்டு, நாட்டையும்விட்டுப் போனார். அரசன் தன் மோதிரத்தைக் கழற்றி மந்திரிக்கு அணிவித்தான். சபை கலைந்தது.

"உன் பெயர் என்ன?" என்று கேட்டான் அரசன்.

"அம்பலவன்."

"கூடப்பிறந்தவர்கள்?"

"யாருமில்லை."

அரசன் தன் இலைக்குப் பக்கத்தில் இன்னோர் இலை போடச் சொன்னான். "போகத்தான் போகிறாய். என்னோடு உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போ."

அம்பலவன் சாப்பிட்டு எழுந்து கைகழுவப் போன பிறகும் அரசன் தன் இலையை மடிக்கவில்லை.